செயலி சொல்வது ஒன்று, மீற்றர் சொல்வது இன்னொன்று: காணாமற்போன அலகுகள் எங்கே?

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு காலைப் பொழுது. என்னோடு ஒரே பாடசாலையில் கற்பிக்கும் நண்பர் ஒருவரின் வீட்டு வாசலில் சத்தம் கேட்டது. மீற்றர் வாசிக்க வந்த தம்பியின் கையிலிருந்த மின்பட்டியலை ஒரு கையிலும், தன் கையடக்கத் தொலைபேசியை மறு கையிலும் பிடித்தவாறு நண்பர் பேசிக்கொண்டிருந்தார். "என்ட போன் 560 யூனிட் எண்டு காட்டுது. நீங்க 330 எண்டு எழுதுறீங்க. மிச்சத்த ஆருக்குக் கொடுக்கிறீங்க?" என்று அவர் கேட்டபோது அயல்வீட்டு வேலிகளுக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. அந்தத் தம்பிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். "சேர், மீற்றர்ல இருக்கிறதத்தான் நான் எழுதினேன்" என்பதற்கு மேல் அவனால் எதுவும் சொல்ல முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நண்பரின் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. மனைவியின் நகையை அடகு வைத்து, மீதிக்கு வங்கியில் கடன் எடுத்து, 2020ஆம் ஆண்டில் கூரையில் 5 கிலோவொட் சோலார் பொருத்தியவர் அவர். மாதாமாதம் கடன் தவணை கட்ட வேண்டும். பொருத்த வந்தவர்கள் காட்டிய கணக்கில் வருமானம் தாராளமாக இருந்தது. கைக்கு வருவதோ அதில் பாதியும் இல்லை. அன்று பின்னேரமே முறைப்பாடு எழுதித் தருமாறு என்னிடம் வந்தார். விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கிறவன் என்பதால் ஊரில் இப்படியான காகிதங்கள் என் மேசைக்கு வருவது வழக்கம்.

"எழுதலாம். அதற்கு முதல் கணக்கைப் பார்ப்போம்" என்றேன். அன்று ஒரு அப்பியாசக் கொப்பியில் நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கூரையில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு மாத்திரமன்றி, ஸ்மார்ட் மீற்றர், வைபை பிளக், தொலைபேசிச் செயலி என்று ஏதோ ஒரு வழியில் தம் வீட்டு மின்சாரத்தை அளக்கத் தொடங்கியிருக்கும் எல்லோருக்கும் இது பயன்படும். முன்பு ஒரு வீட்டில் ஒரு மீற்றர்தான் இருந்தது. அது சொன்னதே கணக்கு. இன்று மூன்று நான்கு அளவுகள் கிடைக்கின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்தாதபோது முதலில் எழுவது சந்தேகம்.

நண்பர் போட்ட கணக்கு

அவரது கணக்கு இதுதான். செயலியின்படி மாத உற்பத்தி 560 அலகு. மின்வலையமைப்பிலிருந்து வீட்டுக்குள் வந்தது, மீற்றரின்படி 190 அலகு. 560இலிருந்து 190ஐக் கழித்தால் 370. அவரது ஒப்பந்தப்படி முதல் ஏழு வருடங்களுக்கு ஓர் அலகுக்கு 22 ரூபாய். ஆகவே 8,140 ரூபாய் கிடைக்க வேண்டும். ஆனால் பட்டியலில் ஏற்றுமதி 330, இறக்குமதி 190, மீதி 140 அலகு. கொடுப்பனவு 3,080 ரூபாய். வித்தியாசம் 230 அலகு. பணத்தில் 5,060 ரூபாய். "மாதம் ஐயாயிரம் ரூபாயைக் களவெடுக்கிறார்கள்" என்பதே அவரது முடிவு.

கூட்டல் கழித்தலில் பிழையில்லை. பிழை இருந்தது, எந்த எண்ணிலிருந்து எதைக் கழிப்பது என்பதில்.

ஒரு தென்னந்தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 560 தேங்காய் பறிக்கிறோம். அதில் 230 காய் நம் வீட்டுச் சமையலுக்கே போகிறது. மீதி 330 காயைச் சந்தைக்கு அனுப்புகிறோம். சந்தை வியாபாரி தரும் துண்டில் 330 என்றுதான் இருக்கும். பறித்தவரின் கொப்பியில் 560 என்றிருக்கும். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் மரத்தடியில் எண்ணினார், மற்றவர் சந்தை வாசலில் எண்ணினார். நடுவில் நம் வீட்டு அடுக்களை இருக்கிறது. அங்கே மட்டும் எவரும் எண்ணவில்லை.

இன்வேட்டர் அளப்பது மரத்தடியில். மீற்றர் அளப்பது வாசலில். பகலில் சூரிய ஒளியிலிருந்து வரும் மின்சாரத்தைக் குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் ஆகியன முதலில் எடுத்துக்கொள்ளும். மிஞ்சியதுதான் மீற்றரைக் கடந்து வெளியே போகும். வீட்டுக்குள்ளேயே செலவான அலகுகள் மீற்றர் வழியாகப் போவதில்லை. ஆகவே மீற்றருக்கு அவற்றைத் தெரியாது, தெரியவும் வழியில்லை.

இதை இரண்டு சமன்பாடுகளில் அடக்கலாம்.

உற்பத்தி = வீட்டில் நேரடியாகப் பாவித்தது + ஏற்றுமதி

வீட்டின் மொத்தப் பாவனை = உற்பத்தி − ஏற்றுமதி + இறக்குமதி

நண்பரின் எண்களைப் போட்டால், நேரடியாகப் பாவித்தது 560 − 330 = 230. மொத்தப் பாவனை 560 − 330 + 190 = 420 அலகு. "காணாமற்போன" 230 அலகு மின்சாரம் அவர் வீட்டு விசிறியையும் மோட்டாரையும் சுற்றவைத்திருக்கிறது. அவர் அதை வருமானமாகவும் எதிர்பார்த்தார், செலவாகவும் அனுபவித்துவிட்டார்.

இன்னொன்றையும் அவருக்குக் காட்டினேன். பெரும்பாலான மின்னியல் மீற்றர்களின் திரை மாறி மாறிப் பல எண்களைக் காட்டும். 1.8.0 என்ற குறியீட்டோடு வருவது வலையமைப்பிலிருந்து வீட்டுக்கு வந்த மொத்த அலகு. 2.8.0 என்று வருவது வீட்டிலிருந்து வெளியே போன மொத்த அலகு. அவர் இவ்வளவு காலமும் திரையில் கண்ணில் பட்ட முதல் எண்ணையே குறித்து வந்திருக்கிறார்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சியது

நண்பர் லேசில் விடுகிறவர் அல்லர். "சரி, 230 யூனிட் வீட்டுக்குள்ள போச்சுதெண்டு வைப்பம். நானும் மனிசியும் பகல்ல ஸ்கூல்ல. பிள்ளைகளும் ஸ்கூல்ல. வீட்டில உம்மா மட்டும். ஒரு கிழவி பகல்ல ஏழு யூனிட்டுக்கு மேல எரிப்பாவா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. 230ஐ 30ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7.7 அலகு. நாங்கள் பகல் பாவனையை ஒவ்வொன்றாக எழுதினோம். குளிர்சாதனப் பெட்டிக்கும் ஆழ்உறைவிப் பெட்டிக்கும் சேர்த்து 1.8. இரண்டு மின்விசிறிகளுக்கு 1.2. சோற்றுக் குக்கர், கேத்தல், அயன் பெட்டிக்கு 1.2. சலவை இயந்திரத்துக்கு 0.4. எல்லாம் சேர்த்து 4.6. இன்னும் 3 அலகுகளுக்குக் கணக்கில்லை.

இந்த இடத்தில்தான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்க வேண்டும். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த விரிவுரையாளர் பரிசோதனை அறிக்கையில் ஒரு வித்தியாசத்தைக் கண்டால், "வாயால் தீர்க்காதே, தராசில் வை" என்பார்.

அடுத்த சனிக்கிழமை முற்பகல் 11 மணியளவில், முகில் இல்லாத நேரமாகப் பார்த்து, நானும் நண்பரும் நின்றோம். இன்வேட்டரின் திரையில் 3.2 கிலோவொட். மீற்றரில் அந்த நேரத்தில் வெளியே போய்க்கொண்டிருந்தது 2.0 கிலோவொட். ஆக, வீடு அந்த நிமிடத்தில் 1.2 கிலோவொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறது. உம்மா முன் அறையில் விசிறிக்குக் கீழே இருந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். விநியோகப் பெட்டியிலுள்ள சுவிட்ச்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். தண்ணீர் மோட்டாரின் சுவிட்சை இறக்கியதும் ஏற்றுமதி 2.0இலிருந்து 2.9க்குத் தாவியது.

மோட்டார் ஏன் அந்த நேரத்தில் ஓடியது? தாங்கியில் நீர் குறைந்தால் தானாக ஓடும்படி பொருத்தப்பட்டது அது. தாங்கியிலிருந்து பின்வளவுக்குப் போகும் குழாயின் மூட்டு ஒன்று மண்ணுக்குள் கசிந்துகொண்டிருந்தது. எங்கள் கரையோர ஊர்களின் மணல் தரை தண்ணீரை அப்படியே குடித்துவிடும். ஈரம் மேலே தெரியாது. தாங்கி இறங்கும், மோட்டார் ஓடும், மறுபடி இறங்கும், மறுபடி ஓடும். பகலில் மட்டும் மூன்று மணித்தியாலத்துக்கும் மேல். இரவிலும் அதே கதைதான். அது இறக்குமதி 190இல் ஒளிந்திருந்தது.

பகலில் 3 அலகு என்றால் மாதம் 90 அலகு; 22 ரூபாய்ப்படி 1,980 ரூபாய். களவு போனது உண்மைதான். ஆனால் கள்வன் மின்சார அலுவலகத்தில் இருக்கவில்லை. பின்வளவில் ஒரு சாண் ஆழத்தில் இருந்தான். மூட்டைத் திருத்த முடிந்தது சில நூறு ரூபாயில். அடுத்த மாதப் பட்டியலில் ஏற்றுமதி 400ஐத் தாண்டியது.

அளவுகள் வேறுபடும் ஏனைய காரணங்கள்

நண்பரின் வீட்டுக் கதை இத்தோடு முடிந்தாலும், பலரிடமிருந்து கேட்ட மற்றைய வித்தியாசங்களையும் சொல்லிவிடுவது நல்லது. பெரும்பாலானவை கீழ்க்காணும் காரணங்களுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, திகதி. செயலி முதலாம் திகதியிலிருந்து மாத முடிவு வரை கூட்டும். மின்பட்டியலோ மீற்றர் வாசித்த நாளிலிருந்து அடுத்த வாசிப்பு நாள் வரை. அது சிலவேளை 28 நாளாகவும் சிலவேளை 34 நாளாகவும் இருக்கும். நாளொன்றுக்கு 14 அலகு பாவிக்கும் வீட்டில் நான்கு நாள் வித்தியாசம் என்பது 56 அலகு. பட்டியலில் நாட்களின் எண்ணிக்கை போடப்பட்டிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். வீடு பூட்டியிருந்து வாசிக்க முடியாமல் மதிப்பீட்டில் பட்டியல் வந்திருந்தால் அந்த மாத எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை. அடுத்த உண்மையான வாசிப்பு வந்த பின்னர் இரண்டு மாதங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கடிகாரம். நம் ஊர்ச் சந்தையிலுள்ள இன்வேட்டர்களிலும் வைபை பிளக்குகளிலும் பெருமளவு சீனத் தயாரிப்புக்கள். நேர வலயத்தைச் சரியாகத் தெரிவு செய்யாமல் விட்டால் அவை சீன நேரத்திலேயே இயங்கும். அது நம் நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. நமக்கு இரவு 9.30 ஆகும்போது அவற்றுக்கு அடுத்த நாள் பிறந்துவிடும். ஆகவே இரவு 9.30இலிருந்து நள்ளிரவு வரை ஓடிய விசிறியும் குளிரூட்டியும் மறுநாள் கணக்கில் விழும். நாட்கணக்கு எப்போதும் பொருந்தாது. மாதக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். சூரியன் இரவு எட்டரை மணிக்கு மறைவதாக உங்கள் செயலியின் வரைபு காட்டினால் நோய் இதுதான்.

மூன்றாவது, இடைவெளி. மீற்றர் இடைவிடாமல் அளந்து கூட்டிக்கொண்டே இருக்கிறது. பல செயலிகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, இடையில் நடந்ததை ஊகிக்கின்றன. 1,500 வொட் கேத்தல் நான்கு நிமிடம் கொதித்தால் செலவு 0.1 அலகு. அது இரண்டு எட்டிப்பார்த்தல்களுக்கு இடையில் நடந்துவிட்டால் செயலிக்குத் தெரியாது. எட்டிப் பார்க்கும் கணத்தில் நடந்தால், ஐந்து நிமிடமும் கொதித்ததாக எடுத்து 0.125 என்று எழுதும். முகில் வந்து வந்து போகும் நாட்களில் சோலார் உற்பத்திக்கும் இதே நிலைதான்.

நான்காவது, வைபை. இணையம் அறுந்த நேரத்துத் தரவுகள் செயலியின் வரைபில் பள்ளமாகத் தெரியும். இன்வேட்டரின் உள்ளே இருக்கும் மொத்த எண் அழியாது. ஆகவே வரைபின் கூட்டுத்தொகையை நம்பாமல், இன்வேட்டர் காட்டும் மொத்த உற்பத்தியை மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் குறித்துக் கழித்துப் பாருங்கள்.

ஐந்தாவது, தசமம். இதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு விருப்பம். ஒருவர் ஒவ்வொரு நாள் பாவனையையும் குறிக்கும்போது தசமத்தை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் எழுதுகிறார் என்று வைப்போம். நாளுக்குச் சராசரியாக அரை அலகு விடுபடும். 30 நாளில் 15 அலகு. ஆனால் மின்பட்டியல் அப்படிப் போடப்படுவதில்லை. மீற்றரின் மொத்த எண்ணை மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, முன்னைய எண்ணைக் கழிக்கிறார்கள். அதில் தசமத்தை வெட்டினாலும் ஏற்படும் வித்தியாசம் ஓர் அலகுக்கும் குறைவு. இந்த மாதம் விடுபட்டது அடுத்த மாதத்தில் வந்து சேரும். ஒரு வருடத்துக்குக் கூட்டினாலும் பிழை ஓர் அலகைத் தாண்டாது. ஒவ்வொரு நாளையும் கூட்டுவதைவிட முதலையும் முடிவையும் கழிப்பது ஏன் பாதுகாப்பானது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் இல்லை.

ஆறாவது, மூன்று கட்ட இணைப்பு. வீட்டுக்கு மூன்று கட்டங்கள், இன்வேட்டரோ ஒரு கட்டத்தில் மட்டும் என்ற நிலை பல வீடுகளில் உண்டு. முதற் கட்டத்தில் 3 கிலோவொட் வெளியே போகிறது. அதே கணத்தில் இரண்டாம் கட்டத்தில் 1 கிலோவொட் உள்ளே வருகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மீற்றர் "2 ஏற்றுமதி" என்று பதியும். தனித்தனியாகப் பார்க்கும் கருவி "3 ஏற்றுமதி, 1 இறக்குமதி" என்று பதியும். மீதி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் தனி எண்கள் வேறு. ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் வெவ்வேறு விலையுள்ள ஒப்பந்தத்தில் இது பணத்திலும் வித்தியாசத்தைத் தரும். உங்கள் மீற்றர் எந்த முறையில் எண்ணுகிறது என்று எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை.

ஏழாவது, கருவியின் தரம். பட்டியலுக்கான மீற்றர் குறிப்பிட்ட துல்லிய வகுப்புக்கு ஏற்பச் சோதிக்கப்பட்டது. அதன் முகப்பில் வகுப்பு 1 என்று இருந்தால், வழமையான சுமையில் பிழை ஒரு வீதத்துக்குள் இருக்க வேண்டும். 500 அலகில் 5 அலகு. இன்வேட்டரின் உள் அளவீடு பட்டியல் போடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது சில வீதம் கூடிக் குறைந்து காட்டுவது வழமை. இந்தளவு வித்தியாசத்துக்காக எவரோடும் சண்டை போடத் தேவையில்லை.

எட்டாவது, கவ்வி மீற்றர். சில மின்னியலாளர்கள் வயரைக் கவ்வி அம்பியரைப் பார்த்து, 230 வோல்ற்றால் பெருக்கி, "இவ்வளவு வொட் போகிறது" என்பார்கள். கேத்தலுக்கும் அயன் பெட்டிக்கும் அது சரி. மோட்டார் உள்ள கருவிகளுக்குப் பிழை. குளிர்சாதனப் பெட்டி 1.2 அம்பியர் எடுப்பதாகக் காட்டினால் பெருக்கம் 276. ஆனால் மின்னோட்டமும் அழுத்தமும் ஒரே தாளத்தில் போகாத காரணத்தால் உண்மையான வலு 160 வொட் அளவிலேயே இருக்கலாம். வீட்டு மீற்றர் பதிவது உண்மை வலுவைத்தான்.

இன்னொரு விடயம். உற்பத்தி குறைந்ததையும் சிலர் மீற்றரின் மேல் போடுகிறார்கள். வலையமைப்பில் மின் இல்லாவிட்டால் சாதாரண கூரை இன்வேட்டர் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின் தடைப்பட்டபோது நல்ல வெயிலிலும் கூரைகள் சும்மா கிடந்தன. அதே வருடம் ஏப்ரல் 13 முதல் 21 வரை, பண்டிகைக் காலத்தில் மின்தேவை குறைவு என்பதால், கூரைச் சோலார்களைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. அயலில் பல வீடுகள் ஒரே நேரத்தில் ஏற்றுமதி செய்யும்போது கம்பியில் அழுத்தம் உயர்ந்து, இன்வேட்டர் தானாகவே துண்டித்துக்கொள்வதும் உண்டு. செயலியிலுள்ள பிழைப் பதிவுகளைத் திறந்தால் நேரத்தோடு தெரியும்.

மீற்றர் பக்கம் பிழை இருக்கவே முடியாதா?

இருக்க முடியும். இதையும் சொல்லாவிட்டால் நான் ஒரு பக்கத்துக்கு வக்காலத்து வாங்கியவனாகிவிடுவேன்.

என் வீட்டில் நடந்தது இது. பழைய மீற்றரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள். அந்த மாதப் பட்டியலைப் பார்த்ததும் மனைவி திகைத்துப் போனார். வழமையைவிடப் பல மடங்கு. நல்ல வேளையாக, கழற்றும்போது பழைய மீற்றரின் திரையைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். படத்தில் இருந்த எண் 18,472. பட்டியல் போடப்பட்ட எண் 18,742. வித்தியாசம் 270.

270 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்கு ஓரளவு விளங்கிவிட்டது. ஓர் எண்ணில் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், சரியான எண்ணுக்கும் பிழையான எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியின்றி வகுபடும். 270 = 9 × 30. நாலும் ஏழும் இடம் மாறியிருந்தன, எழுதியவரின் கைத்தவறு. படத்தையும் ஒரு கடிதத்தையும் கொண்டு போய்க் கொடுத்தேன். திருத்தித் தந்தார்கள். படம் இல்லாதிருந்தால் என் வார்த்தைக்கும் அவர்களின் பதிவுக்கும் இடையில் வழக்கு நடந்திருக்கும். மீற்றரோ எங்கோ களஞ்சியத்தில் கிடந்திருக்கும்.

இப்படியான பிழை எளிதில் பெரும் தொகையாவதற்குக் காரணம் நம் கட்டணத்தின் படிமுறை. வீட்டுப் பாவனைக்கு 60 அலகு வரை ஒரு கணக்கு. அதைத் தாண்டினால் முதல் 60 அலகுக்குமே விலை மாறும். நிலையான கட்டணமும் ஏறும். பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் விலை கூடும். ஆகவே 60இல் நிற்கும் வீட்டுக்கும் 61இல் நிற்கும் வீட்டுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான ரூபாய் வித்தியாசம். கூலி வேலை செய்து பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு ஓர் அலகு என்பது சின்ன விடயம் அல்ல. அலகில் 5 வீதப் பிழை பணத்திலும் 5 வீதமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இங்கே பொருந்தாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

முறைப்பாட்டுக்கு முன்னர் மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள். எதற்கும் மீற்றரையோ அதன் முத்திரையையோ தொடத் தேவையில்லை, தொடவும் கூடாது.

முதற் சோதனை, கசிவு. சோலார் உள்ளவர்கள் இதை இரவில் செய்யுங்கள். பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். மீற்றரில் மின்னும் சிறிய சிவப்பு விளக்கு மின்னுவது நிற்க வேண்டும். நின்றால், பிரதான சுவிட்சை மீண்டும் போட்டு, எல்லாக் கருவிகளின் பிளக்குகளையும் கழற்றி, விளக்குகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். இப்போது மின்னத் தொடங்கினால், வீட்டு வயரிங்கில் கசிவு உண்டு அல்லது நீங்கள் அறியாத ஒரு சுமை உங்கள் மீற்றரில் தொங்குகிறது. மாடிவீட்டாருக்கோ பழைய கடைத் துண்டுக்கோ எப்போதோ இழுத்த வயர் மறந்துபோய் ஓடிக்கொண்டிருப்பதை இப்படிக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. கசிவாயின் தகுதியுள்ள மின்னியலாளரை உடனே அழையுங்கள். அது பணப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை.

இரண்டாம் சோதனை, கேத்தல். மீற்றரின் முகப்பில் ஓர் அலகுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிடப்பட்டிருக்கும். 1000 அல்லது 1600 அல்லது 3200 என்று. 1000 என்று வைப்போம். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, 1,500 வொட் கேத்தலை நிறையத் தண்ணீரோடு போட்டால் நான்கு நிமிடத்தில் 100 மின்னல் வர வேண்டும். சற்றுத் தாமதித்தால் பதற வேண்டாம். கேத்தலில் எழுதியிருப்பது 230 வோல்ற்றுக்கு. உங்கள் வீட்டில் 220 வோல்ற் இருந்தால் வலு சுமார் 1,370 வொட்டாகக் குறையும். 100 மின்னலுக்கு நான்கு நிமிடம் 22 செக்கன் பிடிக்கும். மூன்று நிமிடத்திலேயே 100 வந்துவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு கொப்பி. மாதத்தில் ஒரே திகதியில், ஒரே நேரத்தில், மீற்றரின் 1.8.0, 2.8.0 எண்களையும் இன்வேட்டரின் மொத்த உற்பத்தியையும் குறியுங்கள். மீற்றர் வாசிக்கும் நாளிலும் ஒரு படம் எடுங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்தால் உங்கள் வீட்டின் மின்சாரக் கதை முழுவதும் அந்தக் கொப்பியில் இருக்கும். வயதுவந்த பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத கணிதத்தை அதில் படிப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வித்தியாசம் மிஞ்சினால், தயங்காமல் எழுதுங்கள். எந்த எண், எந்தத் திகதி, எவ்வளவு வித்தியாசம் என்று தெளிவாக எழுதி, படங்களோடு உங்கள் பிரதேச மின் அலுவலகத்துக்குக் கொடுத்து, பிரதியில் பொறுப்பேற்ற கையொப்பம் வாங்குங்கள். உரிய கட்டணத்தைச் செலுத்தி மீற்றரைச் சோதிக்குமாறு கேட்கவும் முடியும். அங்கு தீராவிட்டால் 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். "களவெடுக்கிறார்கள்" என்று எழுதிய கடிதத்துக்குப் பதில் வராமலும் போகலாம். "18,472 என்றிருக்க வேண்டியது 18,742 என்று பதியப்பட்டுள்ளது" என்று எழுதிய கடிதத்தை ஒதுக்கி வைப்பது எவருக்கும் கடினம்.

நண்பர் என்னிடம் எழுதக் கேட்ட முறைப்பாடு எழுதப்படவேயில்லை. ஆனால் அவருக்கு இன்னொரு கணக்கு பாக்கி இருந்தது. குழாய் திருத்திய அடுத்த மாதம், மீற்றர் வாசிக்க அந்தத் தம்பி வரும் நாளை அவர் விசாரித்து வைத்திருந்தார். அன்று பாடசாலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். தம்பி சைக்கிளை நிறுத்தியபோது அயல்வீட்டு வேலிகளுக்கு மேலால் மறுபடியும் தலைகள் எட்டிப் பார்த்தன.

"தம்பி, அண்டைக்கி நான் கதச்சது பிழை. மாப்புத் தாங்க" என்றார் நண்பர், அன்று போட்ட அதே சத்தத்தில்.

தம்பி ஒரு கணம் நின்றான். பிறகு மீற்றர்ப் பெட்டிக்குக் கிட்டப் போய், "சேர், இங்க வாங்க, எந்த நம்பர் எதுக்கெண்டு காட்டித் தாறன்" என்றான். நண்பருக்கு அது ஏற்கனவே தெரியும். என்றாலும் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார்.